முறை தப்பாத மஞ்சத்தண்ணி

சாஞ்சு உக்காருங்க தம்பி. எத்தன நேரந்தான் முன்னாடி கம்பியப் புடிச்சுட்டுக் குனிஞ்சே வருவீங்க? சீட்டு மஞ்சளாயிரும்னு பாக்கறீங்களா? ஆனா ஆகட்டும். இன்னைக்கு எங்கூர்ல நின்னு கெளம்புற பஸ்ஸு எதுவும் சுத்தமாப் போய்ச் சேராது. கண்டக்டரே ஒண்ணும் சொல்லல பாருங்க.

நல்லாத்தான் ஊத்தியிருக்கறாங்க. கழுத்துல ஆரம்பிச்சு இடுப்பு வரைக்கும் ஒரே சீரா எறங்கியிருக்குது. வெளியூருங்களா? அதான பாத்தேன். உள்ளூர்க்காரன் எவனாச்சும் இன்னைக்கு வெள்ளச் சட்ட போட்டுட்டு வெளிய வருவானா? நானும் வெள்ளச் சட்டதான் போட்டிருக்கறேன். அது வேற விசயம்.

உரக் கம்பெனிங்களா. கடைக்காரர் வரச் சொன்னாரா. இன்னைக்கு நோம்பின்னு அவரு சொல்லலையாக்கும். சொல்ல மாட்டாரு. அவரு அப்படித்தான்.

நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க. எங்கூரு மாரியம்மன் நோம்பிங்க இது. வருசா வருசம் சித்திரையில பதினஞ்சு நாளு நடக்கும். கோயிலுக்கு முன்னால கம்பம் நட்டு, பொம்பளைக தெனமும் அதுக்குத் தண்ணி ஊத்தி, பொங்க வெச்சு, தீச்சட்டி எடுத்து, கடைசி நாளு கம்பத்தப் புடுங்கிட்டுப் போய்க் கெணத்துல விட்டுருவாங்க. அதோட சாமி காரியம் முடிஞ்சுது. அப்பறம் மத்தியானத்துல இருந்து பொழுது உழுகற வரைக்கும் மனுசங்க காரியம். தெருவுக்குத் தெரு அண்டாவுல மஞ்சளக் கலக்கி வெச்சுட்டு நிப்பாங்க. ஒருத்தரும் தப்பிக்க முடியாது.

ஆனா அதுக்கு ஒரு முறை இருக்குதுங்க. கண்டவனுக்கும் ஊத்தக் கூடாது. மாமன் மகனுக்கு ஊத்தலாம், அத்தை மகனுக்கு ஊத்தலாம், கொழுந்தனுக்கு ஊத்தலாம். அண்ணன் தம்பி முறை இருக்கறவனுக்கு ஒரு சொட்டு படக் கூடாது. உங்களாட்ட வெளியூர்க்காரருக்கு முறையே கெடையாது. உங்களுக்கு ஊத்துனது தப்பு. விவரந் தெரியாத சின்னப் புள்ளைக எதாச்சும் பண்ணியிருக்கும். எங்கூருக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேனுங்க.

என்னையப் பாருங்க. ஒரு சொட்டு இல்ல. காலைல போட்ட மடிப்பு அப்படியே நிக்குது. எனக்கு இந்தக் கருமமே புடிக்காதுங்க.

நீங்க ஏறறப்ப கண்டக்டரு பின்னால இருந்து உங்களப் பாத்து “ஏனுங்க அர்த்தநாரியண்ணா, ஊர்ல நோம்பிய விட்டுப்போட்டு எங்க கெளம்பிட்டீங்க?”ன்னு கேட்டான் பாருங்க. அந்த அர்த்தநாரி நான்தான். அவனுக்குக் கண்ணு தெரியல. ரண்டு பேரும் வெள்ளச் சட்ட, ரண்டு பேரு கையிலயும் கறுப்புக் குடை, சரி. அதுக்காக? நீங்க தப்பா எடுத்துக்கப்படாது, நீங்க கொஞ்சம் நெடுநெடுன்னு கழுத்து நீண்டு இருக்கறீங்க. நானென்ன அப்படியா இருக்கறேன்?

சிரிக்கறீங்க. சரி விடுங்க.

எங்கூர்ல போய் முறை தெரியலைன்னா யாரக் கேக்கறதுன்னு கேட்டுப் பாருங்க. அர்த்தநாரியக் கேளும்பாங்க. கண்ணாலத்துக்கு ரண்டு ஊட்டுக்காரங்களும் மொதல்ல என்ர ஊட்டுக்குத்தான் வருவாங்க. அப்பறந்தான் சோசியருகிட்டப் போவாங்க. யாரு யாருக்குப் பங்காளி, யாரு யாருக்கு மாமன் மச்சான், எந்த வழியில சுத்துனா என்ன முறை வரும், எல்லாம் இங்க இருக்குதுங்க, மண்டைக்குள்ள. ஏழு தலைமொறைக்குச் சொல்லுவேன். ஒருத்தன் பொண்ணு பாத்துட்டு வந்து சந்தோசமா நின்னான், அவ உனக்குச் சித்தி முறையாகோணும்னு சொன்னேன். அழுதுட்டே போனான். அழுதா முறை மாறீருமா?

இந்த முறைதான் இன்னைக்கு என்னைய பஸ்ஸேத்தி விட்டிருக்குது. சொன்னா உங்களுக்குச் சிரிப்பா இருக்கும். எறங்கற எடம் வர இன்னும் நேரமிருக்குதுல்ல, கேளுங்க.

பாவாயின்னு ஒருத்தி. எங்கத்தை மக. கூடப்பொறந்த அத்தையில்ல, எங்கப்பனுக்குத் தங்கச்சி முறையாகற ஒருத்தங்க மக. பாவாயிக்கு நான் முறைப்பையன். அவ பாவாடை தாவணி போட்ட வருசத்துல இருந்து, மஞ்சத்தண்ணின்னா மொதச் சொம்பு எனக்குத்தான். கடைவீதியில மாவு மில்லு இருக்குது பாருங்க, அந்தச் செவுத்துக்குப் பின்னால ஒளிஞ்சுக்குவா. நான் மில்லத் தாண்டுனதும் பூனையாட்ட வந்து, “ஏ கொக்கு, குளிச்சயா?”ன்னு கேட்டுட்டே முதுகுல ஊத்துவா. கேட்டு முடிக்கறதுக்குள்ள நனைஞ்சிருப்பேன். பதில் சொல்ல ஒரு வருசமும் விட்டதில்ல.

கொக்குன்னு ஏன் கூப்புடறான்னு தெரியல. அவளுக்கு அப்பப் புடிச்சே கண்ணு சரியில்ல.

நாப்பத்தியொரு வருசமுங்க. நாப்பத்தியொரு வெள்ளச் சட்ட. எல்லாம் பாழு. ஒரு வருசம் டெர்லின் சட்ட, அன்னைக்குத்தான் தையக்கடையில இருந்து வாங்கிட்டு வந்தது, போச்சு. ஒரு வருசம் மழை வந்துது, தப்பிச்சேன்னு பாத்தா மழையிலயே குடையோட வந்து ஊத்திப்போட்டுப் போறா. எனக்குக் காமாலை வந்த வருசம், “ஏற்கனவே மஞ்சளாத்தான இருக்கற, மிச்சம்”னு சொல்லிட்டு ஒரு கை மட்டும் தெளிச்சா. நான் ஒண்ணையும் ஞாபகம் வெச்சுக்கறதில்லீங்க. எனக்கெதுக்கு?

வேற வழியில போகலாமில்லன்னு கேக்கறீங்களா? போலாம். எங்கூட்டுல இருந்து கோயிலுக்கு நேரா வழியிருக்குது, மாவு மில்லுப் பக்கமே வர வேண்டியதில்ல. ஆனா ஒரு ஆம்பள ஒரு பொம்பளைக்குப் பயந்துட்டு வழிய மாத்துறதா? வெள்ளச் சட்ட எதுக்குன்னா, நோம்பிக்கு வெள்ளச் சட்டதானுங்க போடோணும். வருசத்துல மத்த நாளெல்லாம் நான் போடறது கட்டம் போட்டது.

அவளுக்கே என்னையக் கட்டி வெச்சிருக்கலாமேன்னு நெனைப்பீங்க. எங்கம்மா கேட்டாங்க, “பாவாயியக் கேக்கட்டுமாடா?”ன்னு. நோம்பி முடியட்டும்மான்னு சொன்னேன். கூச்சந்தான், வேறென்ன. நோம்பி முடியறதுக்குள்ள நாச்சிமுத்து வாத்தியார் ஊட்டுல வந்து தட்டு மாத்திட்டுப் போயிட்டாங்க. எனக்கு ஒண்ணும் வருத்தமில்லீங்க. எனக்கு வந்த மயிலாத்தா தங்கமான பொம்பள. வாத்தியாரும் நல்ல மனுசன். பொண்டாட்டி என் மேல ஊத்தற மஞ்சத்தண்ணிய அவருதான் கலக்கிக் குடுப்பாரு. “சுண்ணாம்பு சேத்தா செவந்துரும் பாவாயி, அர்த்தநாரி சட்டைக்கு மஞ்சளே எடுப்பு”ன்னு அதுக்கும் ஒரு பாடம் நடத்துவாரு.

சட்டையத் தொவைக்கறது மயிலாத்தா. மஞ்சக் கறை இருக்குதே, சோப்புக்குப் போகாது. ஆனா வெயில்ல காயப்போட்டா மூணு நாள்ல தானாப் போயிரும். நான் வெயில்ல போட வேண்டாம்னு சொல்லிருவேன். உள்ள கொடியில, நெழல்ல காயட்டும்பேன். வெயில்ல போட்டா துணி வெளுத்துருமில்லீங்க. “வெள்ளச் சட்ட எப்படிங்க வெளுக்கும்?”னு கேப்பா. பொம்பளைகளுக்குத் துணியப் பத்தி என்ன தெரியும்? பொட்டி நெறையக் கெடக்குது நாப்பத்தியொண்ணும்.

இப்படியே போயிட்டிருந்துது. போன வருசம் நோம்பி முடிஞ்சு ஒரு மாசம் இருக்கும், பாவாயி எங்கூட்டுக்கு வந்தா. வந்தவ உக்காரல. கதவப் புடிச்சுட்டே நின்னா. கண்ணெல்லாம் செவந்து கெடந்துது. “மாமா, நீங்கதான் ஒரு வழி பண்ணோணும்”ங்கறா. என்னையப் பேர் சொல்லாம மாமான்னு அவ கூப்புட்டா, காரியம் பெருசுன்னு அர்த்தம்.

விசயம் என்னன்னா, என்ர பையன் பூபதியும் அவ மக கோகிலாவும் ஒருத்தர ஒருத்தர் விரும்பறாங்க. ரண்டு பேரும் கோயமுத்தூர்ல ஒரே ஆபீசு. எனக்கு அது தெரியாது. மயிலாத்தாளுக்குத் தெரிஞ்சிருக்குது, சொல்லல. சாதி சனமெல்லாம் ஒண்ணுதான், பையனும் பொண்ணும் நல்ல புள்ளைக, அப்பறம் என்னன்னா, முறை வராதுங்க!

பாவாயி எனக்கு அத்தை மக, கட்டிக்கற முறை. அப்படின்னா அவ பெத்த புள்ளைக்கு நான் அப்பன் முறை. என்ர பையனும் அவ மகளும் அண்ணன் தங்கச்சியாகுது. அண்ணன் தங்கச்சிக்குக் கண்ணாலம் எப்படிங்க பண்ண முடியும்? ஊருக்குள்ள பேச்சாகிப் போச்சு. எங்க பங்காளி ஒருத்தன், பழனியப்பன்னு பேரு, எனக்கு அடுத்தபடியா முறை சொல்றவன், அவன் கோயில்லயே நின்னு சொல்லிட்டான், “அர்த்தநாரி ஊட்டுலயே முறை கெட்டுப் போச்சு”ன்னு. அந்தப் புள்ள கோகிலா ரண்டு நாளாச் சோறு திங்கலையாம். பாவாயி அழுகறா. நாப்பது வருசத்துல அவ அழுது நான் பாத்ததில்ல. அவ ஊத்தித்தான் நான் பாத்திருக்கறேன், அழுது பாத்ததில்ல.

அழுகாத பாவாயி, ஒரு வாரம் டைம் குடுன்னேன்.

ஒரு வாரம் நான் தூங்கலீங்க. எங்கம்மா பொறந்த ஊருக்குப் போனேன். அங்கிருக்கற பெருசுகள எல்லாம் புடிச்சு உக்கார வெச்சுக் கேட்டேன். அதுல கண்டுபுடிச்சேன் பாருங்க. எங்கப்பன் வழியில வந்தா பாவாயியோட அம்மா எனக்கு அத்தை. அதே பொம்பள, எங்கம்மா வழியில சுத்தி வந்தா எனக்குச் சின்னம்மா! எங்கம்மாளுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி முறை. இந்த வழிய ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. பழனியப்பனுக்கு நிச்சயமாத் தெரியாது.

அத்தைன்னு கூப்புட்டா அவங்க மக எனக்குக் கட்டற முறை. சின்னம்மான்னு கூப்புட்டா? தங்கச்சி! பாவாயி எனக்குத் தங்கச்சின்னா, என்ர பையனுக்கு அவ அத்தை. அத்தை மகளக் கட்டறதுக்கு எவன் குறுக்க நிப்பான்?

ஊரக் கூட்டச் சொல்லிட்டேன். கோயில் மண்டபத்துல ஒரு நூறு பேரு இருக்கும். பழனியப்பன் கையக் கட்டிட்டு நின்னான். நான் எந்திரிச்சு நின்னு ஒவ்வொரு பேராச் சொல்லி, ஊரு சொல்லி, சாட்சி சொல்லி, முக்கால் மணி நேரம் பேசுனேனுங்க. கடைசில அவன் கேட்டான், “அப்ப இத்தன வருசமா முறைப்பொண்ணுன்னு மஞ்சத்தண்ணி ஊத்திக்கிட்டயே, அது?”ன்னு. எப்படிக் கேட்டான் பாருங்க! நான் விடுவேனா? “அது தெரியாம நடந்த தப்பு. இன்னைல இருந்து பாவாயி எனக்குத் தங்கச்சி. நான் அவளுக்கு அண்ணன். இந்த அம்மன் சாட்சி”ன்னு சூடத்துல அடிச்சுச் சொல்லிட்டேன். பழனியப்பன் கட்டுன கைய எறக்கிட்டான். எல்லாரும் கை தட்டுனாங்க. வாத்தியாரு வந்து கட்டிப் புடிச்சுட்டாரு.

பாவாயி பொம்பளைக பக்கத்துல நின்னுட்டிருந்தா. என்னையவே பாத்தா. சந்தோசத்துல வாயடைச்சுப் போச்சுன்னு நெனைக்கறேன்.

தை மாசம் கண்ணாலம். ஜாம் ஜாம்னு நடந்துது. மண்டபத்து வாசல்ல சம்மந்திகள வரவேத்தாங்க பாருங்க, அப்பத்தான் மொதல்ல காதுல உழுந்துது. “வாங்கண்ணா”ன்னா பாவாயி. தலையில முந்தானைய இழுத்து உட்டுட்டு, ரண்டு கையும் கும்புட்டுட்டு, “வாங்கண்ணா. காப்பி குடிச்சீங்களாண்ணா?”

யாரையோ கூப்புடறான்னு நான் பின்னால திரும்பிப் பாத்தேனுங்க.

அதுக்கப்பறம் எதுக்கெடுத்தாலும் அண்ணாதான். “அண்ணா, மாப்பள வந்திருக்கறாரு.” “அண்ணா, மொளகாத் தூள் அரைச்சு அனுப்பியிருக்கறேன்.” நான் வந்தா எந்திரிச்சு நிக்கறா. நான் உக்காந்தா அவ உக்கார மாட்டீங்கறா. முன்னெல்லாம் என்ர தட்டுல இருந்து வடைய எடுத்துத் தின்னவ. மரியாதைதான், இல்லைங்கல. நான் வாங்கிக் குடுத்த மரியாதை. ஆனாலும் ஒரு மனுசனுக்கு எத்தன மரியாதைங்க குடுக்கறது?

சரி, நோம்பி வந்துது. இன்னைக்குக் காலைல மயிலாத்தா சட்டையத் தேச்சு வெச்சிருந்தா. வெள்ளச் சட்ட. எதுக்கு எடுத்து வெச்சேன்னு கேட்டேன். “வருசா வருசம் எடுத்து வெக்கறதுதான? கைப் பழக்கம்”னா. போட்டுட்டேன். எடுத்து வெச்சத எப்படி வேண்டாங்கறது?

கோயிலுக்குப் போகலாம்னு கெளம்புனேன். மாவு மில்லு வழியா. அது பழகுன கால், தானாப் போகுது. மில்லத் தாண்டற எடத்துல கொஞ்சம் மெதுவா நடந்தேன். கல்லுக் கெடக்கும் அங்க, காலுல குத்தும். ஒண்ணுமில்ல. ஒருத்தரும் வரல. அந்தப் பக்கம் போய், கோயில்ல ஒரு கும்புடு போட்டுட்டு, மறுக்கா அதே வழியில வந்தேன். குடைய மறந்துட்டேன்னு ஞாபகம் வந்துது. குடை எங்கயுங்கறீங்களா? கையிலதான் இருந்துது, அது அப்பறந்தான் தெரிஞ்சுது. மூணாந் தடவை நேரா பாவாயி ஊட்டு முன்னாலயே போயிட்டேன். சம்மந்தி ஊடு. போகக் கூடாதா?

வாசல்ல ஒரே கூட்டம். ஒறம்பரை, சொந்தக்காரங்க எல்லாம் வந்திருந்தாங்க. என்ர மருமக கோகிலா எங்க பூபதிய நனைச்சுட்டிருந்தா, கட்டுன புருசனுக்கு ஊத்தறதுக்குக் கேக்கோணுமா. எல்லாரும் மஞ்சளா நிக்கறாங்க. நான் மட்டும் நடுவுல சலவைக்கடையில இருந்து வந்தவனாட்ட நிக்கறேன். ஒரு பொண்ணு சொம்போட ஓடியாந்துது. பக்கத்துல இருந்தவ கையப் புடிச்சுட்டா. “ஐயோ, அவருக்கு வேண்டாம்டி! அவரு முறை பாக்கறவரு!”ங்கறா.

அப்பப் பாவாயி உள்ள இருந்து வந்தாளுங்க. கையில பித்தளைச் சொம்பு.

நான் பொய் சொல்ல மாட்டேன் தம்பி. அதே சொம்பு. எனக்குத் தெரியாதா அந்தச் சொம்பு? அடியில ஒரு நசுங்கல் இருக்கும். நான் ஒண்ணும் பண்ணல, சும்மா அப்படித் திரும்பி, முதுகக் காட்டுனாப்பல நின்னேன். வாத்தியாருகூட எதோ பேசறவனாட்ட. நிக்கறேன். நிக்கறேன். ஒண்ணையும் காணோம்.

“அண்ணா, வெயில்ல வந்திருக்கறீங்க. தண்ணி குடிங்கண்ணா”ங்கறா.

குடிக்கற தண்ணி! வெறுந்தண்ணியவாச்சும் மேல ஊத்தியிருந்தா பரவால்ல. பானையில வெச்சுக் குளுகுளுன்னு, வெட்டிவேர் போட்ட தண்ணி!

குடிச்சேன். என்ன பண்ணுவேன்? எல்லாரும் பாக்கறாங்க. முழுச் சொம்பையும் குடிச்சேன். பாவாயி என்னையப் பாத்துட்டே நின்னா. அவ கண்ணுல இப்பப் புரை வேற. அரிசியில கல்லுப் பொறுக்கச் சொன்னா அரிசியப் பொறுக்கி வெளிய போடறாளாம், வாத்தியார் சொல்லிச் சிரிக்கறாரு. ஆப்பரேசன் பண்ணிக்கன்னா பயப்படறா. என்னைய அவ சரியாப் பாத்தாளா, நான் வெள்ளச் சட்டையில வந்தது அவளுக்குத் தெரிஞ்சுதான்னே எனக்குத் தெரியல.

ஊட்டுக்கு வந்து உக்காந்தேன். மயிலாத்தா என் மூஞ்சியப் பாத்தா, சட்டையப் பாத்தா. உள்ள போயி ஒரு போசியில மஞ்சளக் கரைச்சு எடுத்தாந்தா. “நான் வேணா ஊத்தட்டுங்களா?”ன்னா.

சொல்லுங்க, பொண்டாட்டி ஊத்துனா அது மஞ்சத்தண்ணியா? எனக்குக் கோவம் வந்துருச்சு. எனக்கென்ன ஏக்கமா புடிச்சிருக்குது, எனக்கு அந்தக் கருமமே புடிக்காது, உனக்குத் தெரியாதான்னு சத்தம் போட்டேன். தெரியுங்கன்னு சொல்லிட்டு, போசியக் கொண்டுபோய்க் கறிவேப்பிலைச் செடிக்கு ஊத்திட்டா. நல்ல பொம்பள. நான் சத்தம் போட்டிருக்கக் கூடாது.

அதுக்குமேல ஊர்ல இருக்கப் புடிக்கல. எங்க அக்கா ஊட்டுக்குப் போயி ஒரு வாரம் இருந்துட்டு வரலாம்னு குடைய எடுத்துட்டுக் கெளம்பிட்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு இந்தத் தடவை நேர் வழியிலயே வந்தேன். மாவு மில்லுப் பக்கமே போகல. இனி எதுக்குப் போகோணும்?

இது முறைங்க. நானே கண்டுபுடிச்ச முறை, நானே சூடத்துல அடிச்சுச் சொன்ன முறை. பையனும் பொண்ணும் சந்தோசமா இருக்கறாங்க. அதுக்காக இன்னும் நாப்பது வருசம் வேணாலும் நனையாம இருக்கலாம். நான் ஒண்ணும் குறை சொல்லல. ஆனா தம்பி, ஒரு மனுசன் ஒரு சட்டைய மூணு தெருவுக்குக் கொண்டுபோயி, போனபடியே திரும்பக் கொண்டு வர்றது இருக்குதே, அது கஷ்டந்தான்.

என்னையப் பத்தியே பேசிட்டு வர்றேன். நீங்க எங்க மாட்டுனீங்க? எந்தத் தெரு?

கடைவீதியா.

கடைவீதியில எங்க? மாவு மில்லா? எந்தப் பக்கம், செவுத்துக்கிட்டயா? எத்தன மணிக்கு?

இருங்க, இருங்க. மெதுவாச் சொல்லுங்க. நீங்க குடையப் புடிச்சுட்டு நடந்து வர்றீங்க, தலை தெரியல. பின்னால யாரோ வந்தாங்க. சின்னப் புள்ளைகளா?

வயசான அம்மாவா. பச்சைச் சேலை. தலையில முந்தானை. கையில சொம்பு.

ஊத்துனதுக்கு அப்பறம் முன்னால வந்து உங்க மூஞ்சிக்குக் கிட்டப் பாத்தாங்களா. இத்தனூண்டு தூரத்துல? பாத்துட்டு நாக்கக் கடிச்சுட்டு, முந்தானைய மூஞ்சியில இழுத்துட்டு ஓடிட்டாங்களா.

ஊத்தறதுக்கு முன்னால எதாச்சும் சொன்னாங்களா தம்பி? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எதோ சொன்னாங்க, உங்களுக்குப் புரியல. சரி. புரியாட்டிப் பரவால்ல, காதுல உழுந்தத அப்படியே சொல்லுங்க.

கொக்கா.

கொக்கு குளிச்சுதான்னு கேட்டாங்களா.

ஒண்ணுமில்லீங்க. தூசி. ஜன்னல் வழியா வருது.

எல்லாருக்கும் முன்னால குடிக்கத் தண்ணி குடுத்துட்டு, அங்க வந்து நின்னிருக்கறா. அந்த வெயில்ல. புரை விழுந்த கண்ண வெச்சுட்டு. நாலாந் தடவையும் வருவேன்னு தெரிஞ்சிருக்குது பாருங்க அவளுக்கு. நான் அக்கா ஊட்டுக்குப் பஸ்ஸப் புடிக்க வந்துட்டேன். மடையன்.

கண்டக்டரே! ஸ்டாப் எப்ப வரும்? அடுத்ததுல எறங்கறேன்ப்பா. ஆமா, அக்கா ஊட்டுக்குத்தான் டிக்கெட் எடுத்தேன். அக்கா எங்கயும் போயிர மாட்டா.

தம்பி, நான் ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே. அந்தச் சட்டையக் கழட்டுங்க.

கிறுக்கில்லீங்க. நல்லாத்தான் இருக்கறேன். இது என்ர சட்ட, புத்தம் புதுசு, ஒரு சொட்டுப் படல, இதப் போட்டுக்குங்க. உங்க கம்பெனிக்குப் போறப்ப நல்லா இருக்கும். அளவெல்லாம் சரியா இருக்கும், ரண்டு பேரும் ஒரே ஆளுதான். நெடுநெடுன்னுதான் இருக்கறோம், கண்டக்டரே சொன்னானில்ல. இதென்னங்க வெக்கம்? ஏனுங்கக்கா, சித்த அந்தப் பக்கம் திரும்பிக்குங்க. ஒரு நிமிசம்.

முறையா? முறை எங்கீங்க தப்புச்சு? நான் சூடத்துல அடிச்சுச் சொன்னது சொன்னதுதான். தங்கச்சி அண்ணனுக்கு ஊத்தக் கூடாது. அவ எனக்கா ஊத்துனா? உங்களுக்குத்தான ஊத்துனா. நீங்க வெளியூரு, உங்களுக்கும் அவளுக்கும் ஒரு முறையும் இல்ல. நீங்க உங்க சட்டைய எனக்குக் குடுக்கறீங்க, மனசார. அதுல யாரு என்ன சொல்ல முடியும்? பழனியப்பனக் கூட்டிட்டு வந்து நிறுத்துங்க, முக்கால் மணி நேரம் பேசறேன்.

ஆ. இன்னும் ஈரம் இருக்குதுங்க. முதுகுல ஜில்லுனு ஒட்டுது.

பட்டன் நீங்களே போட்டு உடுங்க, ஓட்டை கைக்குச் சிக்க மாட்டீங்குது. வயசாச்சுல்ல. மயிலாத்தாகிட்ட நடந்தத அப்படியே சொல்லிருவேன். அவ சிரிப்பா. சிரிக்கட்டும், காலைல இருந்து அவளும் சிரிக்கல.

ஸ்டாப் வந்துருச்சு. வர்றேன் தம்பி. அடுத்த வருசம் நோம்பிக்குக் கட்டாயம் வாங்க, வெள்ளச் சட்டையில. மாவு மில்லு வழியா வாங்க.

இருங்க, ஜன்னல்ல இருந்து எட்டிப் பாருங்க. நான் திரும்பி நிக்கறேன். பின்னால நல்லாத் தெரியுதுங்களா? இடுப்பு வரைக்கும் இருக்குதா? எனக்கு என்ர முதுகு தெரியாதுல்ல, நாப்பத்தியொரு வருசமா நான் பாத்ததே இல்ல, கழட்டுனப்பறந்தான் பாப்பேன்.

இருக்குதுங்களா? சரி. குடைய விரிச்சுக்கறேன். வெயில் பட்டாப் போயிரும்.